சந்தனம் காயும் வரை

மார்ச் 9, திங்கள்

இன்றிலிருந்து குறிப்பு எழுதுகிறேன். நாளைக்கு யாராவது "இது எப்படி ஆரம்பித்தது" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஆதாரம் வேண்டும்.

எங்கள் கம்பெனி கோயம்புத்தூர் கணபதியில் இருக்கிறது. ஸ்டெபிலைசர் செய்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு முதலாளி நல்லசிவம் சார் 'டிசைன் பிரிவு' என்று ஒன்று தொடங்கினார். அந்தப் பிரிவு என்பது நான், ஒரு மேசை, மின் அலையைத் திரையில் காட்டும் ஒரு பழைய ஆசிலாஸ்கோப். இரண்டு வருடமாக நான் செய்து வைத்திருப்பது முட்டை பரிசோதிக்கும் இயந்திரம். முட்டைகள் வரிசையாக உருண்டு வரும். ஒரு குட்டிப் பிளாஸ்டிக் சுத்தி ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டும். மைக் கேட்கும். நல்ல முட்டை 'டிங்' என்னும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொப்' என்னும். டொப் முட்டையை இயந்திரம் ஓரமாகத் தள்ளிவிடும். நாலு வரிசை. அருமையாக வேலை செய்கிறது. அதாவது, செய்தது.

போன வாரம் நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கண்காட்சி. அங்கே எங்கள் இயந்திரத்துக்கு எட்டு வரிசை என்று பேச்சு வந்துவிட்டது. எப்படி வந்தது என்பது இப்போது முக்கியமில்லை.

அர்த்தநாரி என்ற பண்ணைக்காரர் ஏப்ரல் 10 அன்று நேரில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். நல்லசிவம் சார் கூப்பிட்டுச் சொன்னார்: "மதி, இது அமைஞ்சா உம்பட பிரிவு நிக்கும். இல்லைன்னா மறுபடி ஸ்டெபிலைசர் சர்வீஸ்தான் அம்மணி. நானும் ரெண்டு வருசமாப் பொறுத்துட்டேன்."

வீடு வீடாகப் போய் ஸ்டெபிலைசர் மூடியைக் கழற்றிப் பல்லி எடுக்கும் வேலை அது. ஒரு வருடம் செய்திருக்கிறேன். எனக்குப் பல்லி பயம்.

மார்ச் 10, செவ்வாய்

சிக்கல் இதுதான். மைக் கேட்கும் சத்தத்தை எண்ணாக மாற்றித் தருவது ஏடிசி என்ற ஒரு சிப். சுண்டுவிரல் நகம் அளவு. நாலு மைக்குகளையும் அது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. வினாடிக்கு இரண்டு லட்சம் முறைதான் கேட்க முடியும் என்று அதன் விவரத்தாள், அதாவது டேட்டாஷீட், சொல்கிறது. எட்டு மைக் என்றால் நாலு லட்சம் முறை வேண்டும்.

வேகமான சிப்புக்கு விசாரித்தேன். வர இருபத்திரண்டு வாரம் ஆகுமாம். எனக்கு இருப்பதோ நாலரை வாரம்.

எனவே இருக்கிற சிப்பையே இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டப் போகிறேன். சிப்புக்கு நேரம் சொல்லும் கிளாக்கை வேகமாகத் துடிக்க வைத்தால் சிப்பும் வேகமாக ஓடும், ஓடியே ஆக வேண்டும். டேட்டாஷீட்டில் இருப்பது தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதம். அதற்கு மேல் ஓடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. நான் முழுதும் படித்துப் பார்த்துவிட்டேன்.

சாரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம்.

மார்ச் 12, வியாழன்

ஓடுகிறது! பத்து நிமிடம் ஓடியது.

அதற்குப் பிறகு சிப் சூடாகிவிட்டது. சூடானதும் மந்தமாகிவிடுகிறது. மூன்றாம் மைக்கைக் கேட்டு முடிப்பதற்குள் நாலாம் மைக்குக்கு இழுத்துக்கொண்டு போகிறேன் அல்லவா, அதற்கு மூன்றாம் முட்டையின் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. விளைவு: விரிசல் முட்டைக்குப் பக்கத்தில் வந்த நல்ல முட்டையும் கெட்டது என்று தள்ளப்படுகிறது. சேர்க்கை சரியில்லை என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது மாதிரி.

தள்ளப்பட்ட முட்டைகள் நூற்றுப் பதினான்கு. சால்டரிங் செய்யும் பங்கஜம் அக்கா பையோடு வந்தார். "இன்னிக்கும் தோத்துட்டயா கண்ணு? ரொம்ப நல்லது. ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வந்துருக்குது."

நல்லசிவம் சார் சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட உச்சரிக்க மாட்டார். கதவோரம் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு எத்தனை பொருள் உடைஞ்சுது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் கம்பெனியில் பூஜை. ஸ்டெபிலைசர் முதல் தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். நான் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவேன். அப்பா என்னைப் பொட்டு வைக்காமல், கோயிலுக்குப் போகாமல் வளர்த்தார். சாமி பெயர் வேண்டாமென்று மதிவதனி என்று வைத்ததும் அவர்தான். இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் என் சர்க்யூட் போர்டில், சரியாக ஏடிசி சிப்பின் தலைமேல், ஈரச் சந்தனம். கொழுக்கட்டை மாதிரி ஒரு பொட்டு.

"அக்கா, கரண்ட் போற எடத்துல ஈரத்த வெக்கலாமா?"

"தலையிலதான வெச்சேன், கால்ல படலையே. நாலு நாளா அழுதுட்டு இருக்குது, சாமி பாத்துக்கும் உடு."

வாதம் செய்ய நேரமில்லை. ஓட்டினேன். இரண்டு மடங்கு வேகத்தில் பதினெட்டு நிமிடம் ஒரு தப்பு இல்லை.

தற்செயல்.

மார்ச் 14, சனி

சந்தனம் காய்ந்துவிட்டது. பழையபடி கோளாறு. பங்கஜம் அக்கா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 16, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். ஆவியாதல்! சந்தனத்தில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது சிப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆறாம் வகுப்பு அறிவியல், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பட்ட மனவேதனை எனக்குத்தான் தெரியும்.

வேறு வழிகளையும் பார்த்தேன். விசிறி வைத்தால் மைக் விசிறியைக் கேட்கிறது. அலுமினியத் துண்டு ஒட்டினால் பத்து நிமிடம் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஈரப் பஞ்சு வைத்ததில் தண்ணீர் வழிந்து ஒரு சிப் புகைந்தது. மூன்று இருந்தன, இனி இரண்டு. குழைத்த சந்தனம்தான் வைத்த இடத்தில் நிற்கிறது.

மார்ச் 18, புதன்

முறையாகச் சோதனை செய்தேன். கடைப் பொடிச் சந்தனம் பதினொரு நிமிடம். கல்லில் அரைத்தது பதினெட்டு. முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி இருபத்து மூன்று. இட்லி மாவு முப்பத்தோரு நிமிடம்.

இட்லி மாவுதான் வெற்றி. ஆனால் மதியத்துக்கு மேல் சிப்பின் தலையில் புளித்துப் பொங்கிவிட்டது. வாசனை மேசையை விட்டுப் போகவில்லை. தவிர, வாடிக்கையாளர் முன்னால் இயந்திரத்தைத் திறந்து ஒரு கரண்டி மாவு ஊற்ற முடியாது. சந்தனம் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் எந்த இயந்திரத்துக்குத்தான் பொட்டு இல்லை?

ஆகவே சந்தனம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை.

மார்ச் 19, வியாழன்

சந்தனக் கல் வாங்கினேன். கடைக்காரர் "வீட்ல விசேஷங்களா?" என்றார். இல்லை என்றேன்.

மார்ச் 23, திங்கள்

நான் சிப்புக்குப் பொட்டு வைப்பதை நல்லசிவம் சார் பார்த்துவிட்டார். வாசலிலேயே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"எப்பவோ நடக்கும்னு எனக்குத் தெரியும் அம்மணி. அவன் கூப்புடற நேரத்துலதான் கூப்புடுவான்."

அது ஆவியாதல் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதற்குச் சூடாகிறது என்று அடுத்து கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு கும்பிட்டேன். இரண்டு கைகளையும் சேர்த்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக. எந்த உயரத்தில் கும்பிட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மூக்குக்கு நேராகக் கும்பிட்டேன்.

சாயங்காலம் டீயோடு சேர்த்து ஒரு முருகன் படமும் கொடுத்தனுப்பினார்.

மார்ச் 24, செவ்வாய்

சாப்பிடும்போது அப்பா என் விரலை முகர்ந்து பார்த்தார். செய்தித்தாளை முகத்துக்கு நேராகச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பையில் முருகன் வேறு இருக்கிறார். எனக்கு அழுகையாக வந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

எட்டு வரிசையும் ஓடுகிறது. பொட்டு வைக்கக் கை பழகிவிட்டது. இடது கையால் மூடியைத் திற, வலது கை மோதிர விரலால் ஒரு இழுப்பு, மூடியைச் சாத்து. ஐந்து வினாடி. பங்கஜம் அக்கா பார்த்துவிட்டு, "பூசாரிகூட இத்தனை வேகமா வெக்க மாட்டாரு" என்றார்.

அவர் வீட்டில் தினமும் முட்டைப் பொடிமாஸாம். பிள்ளைகள் என் தோல்வி குறைந்துவிட்டதைக் கவனித்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 9, வியாழன்

நாளை நாமக்கல். எல்லாம் கட்டி வண்டியில் ஏற்றியாயிற்று. சந்தனம் ஒரு டப்பா நிறைய அரைத்துவிட்டேன். சார் எலுமிச்சம்பழம் நாலு வாங்கி வைத்திருக்கிறார்.

அர்த்தநாரி என்று பெயர் இருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கம். பக்திமானாகத்தான் இருப்பார். பிரச்சினை வராது.

ஏப்ரல் 10, வெள்ளி

கருப்புச் சட்டை.

வண்டியை விட்டு இறங்கியதும் நான் பார்த்தது அதைத்தான். அறுபது வயதிருக்கும். வெயில் கொளுத்தும் பண்ணை வாசலில் கருப்புச் சட்டையோடு நின்று, "வாங்க வாங்க, பேரு எங்கய்யன் வெச்சது, அது என்ற தப்பில்லீங்க" என்று வரவேற்றார் அர்த்தநாரி. எலுமிச்சம்பழத்தை எடுத்த நல்லசிவம் சார் அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பத்தரைக்கு ஓட்டினோம். நல்ல முட்டை என்று அவர்களே பொறுக்கிக் கொடுத்த இருநூற்று நாற்பது முட்டை. ஒன்றுகூடத் தள்ளப்படவில்லை. விரிசல் முட்டை இருபதைக் கலந்து விட்டார்கள். இருபதும் சரியாக ஓரத்துக்குப் போயின. முட்டை அடுக்கும் பெண்கள் கை தட்டினார்கள். அர்த்தநாரியின் வீட்டுக்கார அம்மா ருக்குமணி எல்லோருக்கும் மோர் கொடுத்தார். அந்த நிமிடத்தில் என்னை யாராவது கேட்டிருந்தால் பதினாறு வரிசை என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

பிறகு பதினைந்தாவது நிமிடம் வந்தது. மூடியைத் திறந்தேன், பொட்டு வைத்தேன், மூடினேன்.

"அது என்னதுங்க?" என்றார் அர்த்தநாரி.

"பொட்டுங்க."

"தெரியுது. எதுக்கு?"

சார் குறுக்கே வந்தார். "ஒரு நம்பிக்கைங்க."

"அறிவியல் படிச்ச புள்ள, மிசினுக்குப் பொட்டு வெக்கலாமா? அத அழிச்சுட்டு ஓட்டுங்க பாப்போம்."

சார் என் காதில், "அழிக்காத அம்மணி, தெய்வக் குத்தம்" என்றார். அவர் சொன்ன காரணம் தப்பு, சொன்ன முடிவு சரி. ஆனால் அர்த்தநாரி தானே துண்டை எடுத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

கொட்டகைக்குள் நாற்பது டிகிரி இருக்கும். ஆறாவது நிமிடமே ஆரம்பித்தது. நல்ல முட்டைகளைத் தள்ளித் தள்ளி, அறுபத்தொரு முட்டையை ஓரத்தில் சேர்த்துவிட்டது.

"வெச்சுப் பாருங்க," என்றார் அர்த்தநாரி. குரல் இறங்கியிருந்தது. வைத்தேன். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. "அழிங்க." அழித்தேன். போய்விட்டது. "வெய்யுங்க." வந்துவிட்டது.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா இயந்திரத்தைச் சுற்றி வந்தார். நல்லசிவம் சார் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தைத் தைரியமாக வெளியே எடுத்தார். "பாத்தீங்களா அர்த்தநாரி, நம்ம கையில என்னங்க இருக்குது?"

நான் ஜெயித்துவிட்டேன். ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். ஆர்டர் வந்துவிடும், பிரிவு பிழைத்துவிடும், பல்லி இல்லை. அப்போதுதான் அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் என்னைத் தீவன மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். "அம்மணி, உண்மையச் சொல்லுங்க. சாமி இல்லைன்னு சொன்னதுக்கு எங்கய்யன் சாகற வரைக்கும் எங்கூடப் பேசலை. நானும் போய்ப் பேசலை. நாப்பது வருசம் இந்தச் சட்டையப் போட்டுருக்கறன். இப்ப ஒரு முட்டை மிசின் வந்து..." துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டில் இருந்த சந்தனம் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அதை நான் சொல்லவில்லை.

எனக்கு அப்பா செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"சாமி இல்லீங்க. ஆவியாதல்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு லட்சம், நாலு லட்சம், கிளாக், சூடு, சந்தனம், முல்தானி மட்டி, இட்லி மாவு எல்லாம். சொல்லச் சொல்ல அவர் நிமிர்ந்துகொண்டே வந்தார்.

"அப்பாடா!" என்றார். என் தலையில் கை வைத்தார். "மாவு வெச்சாலும் ஓடுமா?"

"இன்னும் நல்லா ஓடுங்க."

கொட்டகையே அதிரச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு கேட்டார். "செரி, எதுக்கு அத்தனை வேகம்?"

"எட்டு வரிசைக்குங்க."

"எட்டு ஆரு கேட்டா? என்ற பெல்ட்டே நாலு வரிசைதானே. நீங்கதான் கண்காட்சியில எட்டு எட்டுன்னீங்க. எனக்கு எதுக்குன்னு நானும் ரோசிச்சேன். செரி, இருந்துட்டுப் போவுதுன்னு உட்டுட்டேன்."

இனி மறைக்க ஒன்றுமில்லை, இங்கேயும் எழுதிவிடுகிறேன். பக்கத்து ஸ்டாலில் டை கட்டிய ஒருவர் வெளிநாட்டு இயந்திரத்தோடு நின்றிருந்தார். "எங்களது ஆறு வரிசை, உங்களது?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எட்டு என்றேன். அவ்வளவுதான் காரணம்.

சார் எங்களைத் தேடி வந்து பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தெய்வம் இல்லை, நான் கும்பிட்டது பொய், எட்டு என்றதும் நான்தான். மூன்றும் ஒரே நேரத்தில். பிடிமானத்துக்காகப் பக்கத்தில் கை ஊன்றினார். அங்கே நிறைத்து வைத்திருந்த ஒரு தட்டு சரிந்தது. முப்பது பொருளும் அவர் வேட்டியில் உடைந்தன.

"முட்டை!" என்று அலறினார். இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை.

லேப்டாப்பில் வேகத்தைப் பாதியாக்கினேன். நாலு வரிசையை அணைத்தேன். சந்தனம் இல்லாமல், சாயங்காலம் ஐந்து மணி வரை ஓடியது. நிறுத்தச் சொன்ன பிறகுதான் நின்றது.

ஏப்ரல் 11, சனி

ஆர்டர் வந்துவிட்டது. நாலு வரிசை. கீழே பேனாவில் ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறார்: "இயந்திரத்தின் உள்ளேயும் வெளியேயும் எந்தப் பொட்டும் இருக்கக் கூடாது."

சார் என்னோடு பேசவில்லை. மதியம் டீயை மட்டும் என் மேசைக்கு அனுப்பினார். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி மாவு வரும் இடத்தில் சிரித்தார். முருகன் படத்தைப் பங்கஜம் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

இனி எந்த வாடிக்கையாளரிடமும் பொய் சொல்வதில்லை. டேட்டாஷீட் என்ன சொல்கிறதோ அதுதான் வேகம்.

ஏப்ரல் 27, திங்கள்

இயந்திரத்தைப் பண்ணையில் பொருத்தியாயிற்று. சார் நிபந்தனையை மீறவில்லை. கொண்டுபோன லாரிக்குப் பொட்டு வைத்துக்கொண்டார். இப்போது பேசுகிறார்.

மே 18, திங்கள்

காலையில் அர்த்தநாரி போன் செய்தார். மிசின் நின்றுவிட்டதாம். பஸ் பிடித்து ஓடினேன்.

மூடியைத் திறந்தேன். ஏடிசி சிப்பின் தலையில் சந்தனம். புதுசு, ஈரம். அதன் நடுவில் தாராளமாகக் குங்குமம். எல்லாம் சேர்ந்து குழைந்து, வழிந்து, சிப்பின் கால்களுக்கு நடுவே ஓடியிருக்கிறது. பக்கத்தில் ஒரு மல்லிகைப் பூ வேறு.

நிமிர்ந்தேன். அர்த்தநாரி இரண்டடி தள்ளி, கருப்புச் சட்டையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ருக்குமணி அம்மா. அவருக்குப் பின்னால் முட்டை அடுக்கும் பெண்கள் அத்தனை பேரும். ருக்குமணி அம்மாவின் மோதிர விரல் நுனி மஞ்சளாக இருந்தது. அதை அவர் மெதுவாகப் புடவைக்குள் மறைத்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் கண்ணு என்று.

"என்ன கோளாறுங்க அம்மணி?" என்றார் அர்த்தநாரி.

உள்ளே இருப்பதை அவர் பார்க்க முடியாதபடி மூடியைப் பாதி சாய்த்துக்கொண்டேன். பூவை எடுத்து என் பைக்குள் போட்டேன். பிரஷ்ஷால் சிப்பைச் சுத்தம் செய்தேன். நல்லவேளை, புகையவில்லை. கிளாக் சரியான வேகத்தில் இருந்தது. சுவிட்சைப் போட்டேன். டிங், டிங், டிங், டொப், டிங்.

"சின்ன விசயங்க. ஈரம் எறங்கிருச்சு."

"இந்தக் கோடையிலயா?"

"சில எடத்துல வருங்க."

அவர் யோசித்தார். "அறிவியல்தானே?"

"ஆமாங்க."

திருப்தியாகத் தலையாட்டினார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் 'ஈரம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அது பொய்யில்லை.

கிளம்பும்போது ருக்குமணி அம்மா ஒரு தட்டு முட்டை கொடுத்தார். வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "இனி குங்குமம் வெக்கலை கண்ணு, சந்தனம் மட்டும் வெச்சா ஒண்ணுமாகாதுல்ல?" என்று கேட்டார்.

"கெட்டியா அரைச்சு, தலையில மட்டும் வெய்யுங்க" என்றேன்.